மாநாட்டுக்குப் போன வழியில் ஒரு கெட்டிமேளம்

ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் ரோட்டில் எங்கே குழி, எங்கே வளைவு, எந்தக் கடையில் தேத்தண்ணி நன்றாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஆள் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டானாகச் சேர்ந்தேன். பிறகு ஓட்டுநர், பிறகு சொந்தமாக ஒரு லோரி, அது மூன்றாகி, ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் கொட்டகையும் வீட்டு வாசலில் ஒரு பழைய பென்ஸ் காருமாக வந்து நின்றேன். இந்த மாதிரி எழுதும்போது, பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஒரு வரி போடுவது வழக்கமாம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நான், எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழாராய்ச்சி மாநாட்டு மண்டபத்தைத் தேடிப் போனேன். போக வைத்தவர் என் மச்சினர். என் மனைவியின் தம்பி, தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர். நல்ல மனிதர். ஆனால் ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது. என்ன ஆராய்ச்சி என்றால் ஒப்பாரி. தோட்டத்துப் பெண்கள் சாவு வீட்டில் பாடும் ஒப்பாரியை டேப் ரிக்கார்டரில் பிடித்துவந்து எழுதுவது. பல வருஷமாக இதே வேலை. பத்து காஜா வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் யார் போய்ச் சேர்ந்தாலும், பிணத்துக்கு மாலை வருவதற்கு முன்னால் இவர் வந்துவிடுவார். கடைசியில் நிலைமை எப்படி ஆனது என்றால், காய்ச்சலில் படுத்திருக்கும் கிழவரை இவர் சும்மா நலம் விசாரிக்கப் போனாலும், அந்த வீட்டில் முதலில் இவர் கையைத்தான் பார்ப்பார்கள். டேப் பெட்டி இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காரச் சொல்வார்கள்.

மாநாட்டுக்காரர்கள் இவர் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். "மலாயாத் தோட்டப்புறப் பெண்டிரின் கையறுநிலைப் பாடல்கள்: ஓர் அறிமுகம்" என்று தலைப்பு. கையறுநிலை என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஒப்பாரிதான் மச்சான்."

"அப்ப ஒப்பாரின்னே போடவேண்டியதுதானே?"

"அப்படிப் போட்டா ஆராய்ச்சின்னு எவன் ஒத்துக்குவான்?"

அதோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. அரங்கில் முழுமையாக வாசிக்கப்படாத கட்டுரை மாநாட்டு மலரில் அச்சேறாது. இவருடைய அமர்வு பதினோரு மணிக்கு. இத்தனை வருஷம் சாவு வீடுகளில் நின்று சேர்த்தது அச்சில் வருமா வராதா என்பது, அந்த நேரத்தில் அந்த மேடையில் இவர் நிற்பதில் இருந்தது. பஸ்ஸில் போகிறேன் என்றார். பென்ஸ் வைத்திருக்கும் என்னிடமே இதைச் சொன்னார். என் மனைவி குறுக்கே வந்து, "என் தம்பிய மேடையில ஏத்திட்டுத்தான் நீங்க வீட்டுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

எங்களோடு இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் தலைமைக் கிராணியாக, அதாவது பெரிய குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். மாநாட்டுக்குப் பேராளர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, குடை, ஒரு காப்பி பிளாஸ்க். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், மாநாட்டுக் குழு அனுப்பியிருந்த வழிக்குறிப்புத் தாளை மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"இத நான் வாசிக்கிறன் தம்பி. நீர் ஓட்டும்."

"எனக்கு எதுக்குங்கய்யா வழி? நான் கே.எல்.லுக்கு லோரி ஓட்டும்போது இந்தக் குழுவுல பாதிப்பேரு பால்புட்டி வெச்சிருந்தானுங்க."

விடியலிலேயே கிளம்பினோம். அப்போது நெடுஞ்சாலை ஏது? தாப்பா, பீடோர், சிலிம் ரீவர், தஞ்சோங் மாலிம் என்று ஊர் ஊராக நுழைந்து வெளியே வரவேண்டும். மச்சினர் முன் சீட்டில் கட்டுரையை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு வரி தவறிப்போய், பக்கத்தின் தலையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். தஞ்சோங் மாலிம் போவதற்குள் அவருடைய முன்னுரை எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் சொல்லுவேன். தஞ்சோங் மாலிமில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். கிராணி காரை விட்டு இறங்கவில்லை. தன் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி, தானே குடித்து, மூடியைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

கோலாலம்பூருக்குள் எந்தச் சிரமமும் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தேன். மொத்த வியாபாரக் காய்கறி மார்க்கெட்டுக்கு முன்னால் நின்றது கார்.

"இங்க ஏன் மச்சான் வந்தோம்?" என்றார் மச்சினர்.

லோரிக்காரனுக்குக் கோலாலம்பூர் என்றால் மார்க்கெட்டும் கிடங்கும்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்னிடம் முட்டைக்கோசு வாங்கியது, நான் அங்கே போயிருக்க? குறுக்கு வழி என்று சொல்லி, ஒரு கோசு லோரிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று, கௌரவமாக வெளியே வந்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"இப்ப வாசிக்கட்டோ?"

"வாசிங்க."

கிராணி வாசித்தார். இந்த நாட்டில் ரோட்டுப் பெயர்ப் பலகை எல்லாம் மலாயில் இருக்கிறது. மாநாட்டுக் குழுவில் இருந்த ஒரு தமிழ்ப்பற்றாளருக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. அத்தனை ரோட்டுக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தார். "வட்டத் திருப்பத்தில் மூன்றாம் கிளையில் பிரிந்து, புதுக் கடற்கரைச் சாலையை அடைந்து, பெருவாயிலை நோக்கி ஏகுக."

"கே.எல்.ல கடற்கரை எங்கங்கய்யா இருக்கு?"

"எழுதியிருக்குது தம்பி. எழுதினதைத்தான் நான் வாசிக்கலாம்."

சந்தியில் ஒரு போலீஸ்காரர் நின்றார். கிராணி கண்ணாடியை இறக்கி, கடலோரம் போகும் ரோடு எது என்று அழகான மலாயில் கேட்டார். போலீஸ்காரர் எங்கள் மூன்று பேரையும், சட்டையையும் குடையையும் பார்த்துவிட்டு, மரியாதையாக, கடலில் குளிக்கப் போகிறவர்கள் போகும் போர்ட் டிக்சனுக்கு வழி காட்டினார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போயும்விட்டோம். அப்புறம்தான் மச்சினர் முன்னுரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஐயா, அது ஜாலான் பந்தாய் பாருவா இருக்கும். ஜாலான்னா ரோடு, பந்தாய்னா கடற்கரை, பாருன்னா புதுசுதானே. தமிழாக்கிப் போட்டிருக்காங்க."

"அப்ப அத எழுதினவனைக் கடல்ல தள்ளணும்லா" என்று வண்டியைத் திருப்பினேன்.

அந்த ரோட்டைப் பிடித்துவிட்டோம். ஆனால் பல்கலைக்கழகத்துப் பெருவாயிலைக் காணோம். மச்சினர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார். அந்த நேரம் பார்த்து எனக்கு முன்னால் நாலைந்து கார்கள் வரிசையாகப் போயின. உள்ளே பட்டுச் சேலை, ஜிப்பா, ஓட்டுகிறவர் கழுத்தில் அங்கவஸ்திரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை தமிழர்கள் குளித்து முழுகி, அதுவும் நேரத்துக்கு எங்கே போகிறார்கள்? மாநாட்டுக்குத்தான். அவர்கள் பின்னாலேயே விட்டேன்.

நினைத்த மாதிரியே மண்டபம் வந்தது. வாசலில் குலை தள்ளிய வாழைமரம், மாவிலைத் தோரணம், "நல்வரவு" என்று ஜிகினா எழுத்து. உள்ளே நாதஸ்வரம். பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் நீட்டினார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். ஒரு அம்மா கேட்டார்.

"எங்கேருந்து வாரீங்க?"

"ஈப்போ."

அவ்வளவுதான். "ஈப்போக்காரங்க வந்தாச்சு, வழி விடுங்க" என்று சத்தம் போட்டு, எங்களை முன் வரிசைக்கே கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். மச்சினருக்கு உயிர் வந்தது. கிராணிகூட, "பரவாயில்லை, ஒழுங்காத்தான் செய்திருக்கினம்" என்றார்.

மேடையில் பூ அலங்காரத்துக்கு நடுவில் அரியணை மாதிரி இரண்டு நாற்காலி. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"அமைச்சரும் அவர் சம்சாரமும் உக்கார" என்றார் மச்சினர்.

நானும் ஒப்புக்கொண்டேன். அந்தக் காலத்தில் நான் பார்த்த எந்தத் தமிழ் மாநாட்டிலும் அமைச்சருக்கு அரியணை இல்லாமல் இருந்ததில்லை. இப்போது இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள், அடுத்த மாநாட்டுக்குப் போகும்போது மேடையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும்.

கறுப்புக் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார். "அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் சான்றோர் பெருமக்களே, தாய்மார்களே" என்று அவர் ஆரம்பித்தால், முடியும் இடத்துக்கு நாம் சாப்பிட்டுவிட்டே திரும்பி வரலாம். ஈப்போவிலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்திருக்கிறார் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். நம் ஆட்கள் கூடும் இடத்தில் ஒரு தலைமையாசிரியர் பேசாமல் தப்பிப்பது ஏது? உடனே அழைப்பு வந்தது.

மச்சினர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கட்டுரையோடு மேடை ஏறினார். என் மனைவி இட்ட வேலை முடிந்தது என்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். அவர் முன்னுரையை வாசித்தார். சனங்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கையறுநிலை என்ற சொல் நாலைந்து முறை வந்தது. யாருக்கும் விளங்கவில்லை. தூய தமிழால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கல்கண்டை மென்றுகொண்டே என்னிடம் குனிந்தார்.

"அண்ணே, நீங்க மாப்பிள்ளைக்கு என்ன உறவு?"

"எந்த மாப்பிள்ளைக்கு?"

"என்ன கேக்குறீங்க? உங்க ஈப்போ மாப்பிள்ளைக்குத்தான். காலையில கோயில்ல தாலி கட்டியாச்சு. இப்ப வந்துருவாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் மச்சினர் அடுத்த பக்கத்தைப் புரட்டி, தொண்டையைக் கனைத்தார்.

"சான்றாக, ஒரு பெண் தன் கணவனை நினைத்துப் பாடும் பாடல் ஒன்றை இப்போது பாடிக் காட்டுகிறேன்."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கிராணி என் தொடையை இறுகப் பிடித்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. "தம்பி, பாடினா எங்களை உயிரோட விடமாட்டினம்" என்று முனகினார். மேடைக்கு ஓட நேரமில்லை. கத்தினால் காரணம் கேட்பார்கள். கல்யாண வீட்டில் புருஷன் செத்த பாட்டு. இதைவிடக் கெட்ட சகுனம் வேண்டுமென்றால் தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லோரியில் பிரேக் பிடிக்காத நேரத்தில் யோசிக்கிறவன் பிழைக்கமாட்டான், கைதான் வேலை செய்யவேண்டும். நான் எழுந்து நின்று, மேளக்காரரைப் பார்த்து, கையை உயரத் தூக்கி, விரலை வேகமாக ஆட்டினேன். கெட்டிமேளம். அதற்குத்தானே நம் பெரியவர்கள் அதை வைத்திருக்கிறார்கள்? தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதான். ஆனால் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு எதிராக அதை முழக்கியது, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தவில்காரர் நல்ல தொழிலாளி. ஏன் என்று கேட்கவில்லை. இடி விழுந்த மாதிரி இறங்கினார். நாதஸ்வரம் சேர்ந்தது. சனங்கள் எழுந்து அட்சதையை அள்ளினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வர, மேடையில் மச்சினர் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவரும் மாலைகளைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. நான் போய்க் கையைப் பிடித்து இறக்கினேன்.

"மச்சான், பதினோரு மணி ஆச்சு" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது.

வெளியே வரும்போது அறிவிப்பாளர் எங்கள் பின்னாலேயே ஓடி வந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க மாநாட்டுக்குப் போற ஆளுங்களா? கையில தாளப் பாத்ததும் நெனச்சேன். என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க. இங்க முடிஞ்சதும் எனக்கு அங்கதான் வேலை."

"இந்தக் கல்யாணம்?"

"சாப்பாடு போட்டாச்சுன்னா என் பேச்ச எவன் கேப்பான்? வழி நான் சொல்றேன்."

எனக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன். இரண்டு திருப்பம்தான். பெருவாயில் வந்தது. வாழைமரமும் நல்வரவும் சந்தனமும் அங்கேயும் அப்படியே இருந்தன. பன்னீர் மட்டும் தீர்ந்துபோயிருந்தது. அரியணை இரண்டு. அமைச்சர் வருவதற்குத் தாமதமானதால், திறப்பு விழாவே இன்னும் ஆரம்பிக்கவில்லை. மச்சினர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கிராணி தன் பிளாஸ்க்கைத் தேடினார். அதைக் கல்யாண மண்டபத்து நாற்காலிக்கு அடியில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

உள்ளே நம் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் சான்றோர் பெருமக்களே, தாய்மார்களே." அதே சொல், அதே மூச்சு. நான் ஒருவன்தான் சிரித்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பொன்னாடை போர்த்தியவருக்கே பொன்னாடை போர்த்தி முடித்தபோது, சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. கட்டுரையாளர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று குறைத்துவிட்டார்கள். அமர்வுத் தலைவர் ஒரு பேராசிரியர். முன்னால் பூசை மணி மாதிரி ஒரு பித்தளை மணி வைத்திருந்தார். மச்சினருக்கு முன்னால் பேசியவர் இன்னும் முதல் பக்கத்தில் இருக்கும்போதே மணி அடித்தது. "முடிக்காத கட்டுரையை வாசித்ததாக எழுத முடியாது" என்று தலைவர் இறக்கிவிட்டார். அந்த மனிதர் காகிதத்தை மடித்துக்கொண்டு போனதை மச்சினர் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினர் ஏறினார். அவைத்தலைவரையும் சான்றோரையும் ஒவ்வொருவராக விளித்து, குழுவுக்கு நன்றி சொல்லி, முன்னுரையைத் தொட்டபோது மணி அடித்தது.

"நேரமாகிவிட்டது. அமருங்கள்."

மச்சினர் கட்டுரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? இங்கே மேளம் இல்லையே. அவர் கட்டுரையை மேசையில் வைத்தார். கண்ணை மூடினார். ஒரு கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சாவு வீட்டில் பெண்கள் எடுக்கிற அதே ராகத்தில் எடுத்தார்.

"வெள்ளி முளைக்குமுன்னே வாளியோட போனியே,
வெயில் சாஞ்சு போயாச்சே, வீடு வந்து சேரலியே..."

தலைவர் மணியை அடித்தார். பாட்டு நிற்கவில்லை. மறுபடி அடித்தார். அடித்த மணி ஒப்பாரியோடு சேர்ந்து, சாவு வீட்டில் சேகண்டி அடிக்கிற மாதிரியே கேட்டது. கிராணி தன்னையறியாமல் எழுந்து நின்றார். பின்னால் இரண்டு பேர் எழுந்தார்கள். தாழ்வாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள், கோப்பையை வைத்துவிட்டு, ஒவ்வொருவராக வந்து, கையைக் கட்டிக்கொண்டு வாசல் ஓரம் நின்றார்கள். யார் போய்விட்டார் என்று ஒருவர் மெதுவாக விசாரித்தார். தலைவர் தன் கையில் இருந்த மணியைப் பார்த்தார். அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் கீழே வைத்தார்.

ஒப்பாரி வைக்கிறவளைப் பாதியில் நிறுத்த நம்மில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. பேராசிரியரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்தானே. மச்சினர் முழுப் பாட்டையும் பாடி, முகத்தைத் துடைத்து, கட்டுரையை எடுத்து, மிச்சத்தையும் கடைசி அடிக்குறிப்பு வரைக்கும் வாசித்தார். யாரும் உட்காரக்கூட இல்லை.

இறங்கியதும் தலைவர் கேட்டார். "இது யார் பாடினது?"

"ரப்பர் மரத்துல பால்வெட்டிக்கிட்டிருந்த அம்மா ஒருத்தவங்க. புருஷன் வேலைக் காட்டுல மரம் விழுந்து போயிட்டாரு. இப்ப ஜெலாப்பாங்ல ஃபேக்டரிக்குப் போறாங்க."

தலைவர் தலையை ஆட்டிவிட்டு, முழுமையாக வாசிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது கிராணி பிளாஸ்க் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மறுபடி கல்யாண மண்டபத்தில் நிறுத்தினேன். கல்கண்டு மென்ற பெரியவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அவர் பெண்ணின் தாய்மாமனாம்.

"என்ன ஈப்போக்காரரே, கை நனைக்காம போயிட்டீங்க? எங்களை என்னான்னு நெனப்பாங்க? வாங்க, கடைசிப் பந்திக்கு எல போட்டாச்சு."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். பசி. மாநாட்டில் எங்களுக்கு முன்னாலேயே சாப்பாடு தீர்ந்திருந்தது. பாயசம் வரும்போது பெரியவர் மச்சினர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"வாத்தியாரய்யா, புருஷன நெனச்சுப் பாடுற பாட்டுன்னு சொன்னீங்களே. மேளத்துல கேக்காமப் போச்சு. பொண்ணு ஆசப்படுது. இப்ப ஒரு தடவ பாடுங்களேன்."

மேளக்காரர் அந்தக் கோடியில் இலையில் குனிந்திருந்தார், கை முழுக்கச் சாம்பார். மச்சினர் மேடையில் ஜெயித்த சந்தோஷத்தில், என்ன ஏது என்று யோசிக்காமல் தொண்டையைக் கனைத்தார். கிராணிதான் காப்பாற்றினார். காலையிலிருந்து யாருக்கும் ஒரு சொட்டுக் கொடுக்காத பிளாஸ்க்கைத் திறந்து, மூடி நிறைய ஊற்றி, மச்சினர் வாய்க்கு நேரே நீட்டினார்.

"இவருக்கு இப்ப பாட ஏலாது ஐயா. தொண்டை கட்டிப்போச்சு. குடியும் மாஸ்டர், குடியும்."

மலர் பிறகு அச்சாகி வந்தது. கட்டுரை அதில் முழுசாக இருந்தது, பாட்டோடு. மச்சினர் வாசலில் உட்கார்ந்து என் மனைவிக்கு அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"மச்சான், அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க எவ்வளவு நல்லவங்க. பாட்டக் கேக்காமலே போயிட்டாங்க. ஒரு பிரதி கொண்டுபோய்க் குடுத்துட்டு வரலாமா? உங்களுக்குத்தான் கே.எல். முழுக்கத் தெரியுமே."

இந்த நாட்டில் எனக்குத் தெரியாத ரோடு இல்லை என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறேன். அந்த வீட்டுக்கு மட்டும் வழி தெரியாது என்று சொல்லிவிட்டேன்.